இறக்கிய ஊசி

சரவணக்குமார் டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டு துபாயிலிருந்து வந்து இறங்கிய வியாழக்கிழமை, அவன் அக்கா செவந்தி வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அவன் எட்டிப் பார்த்ததும் இருபது அடி கீழே போனது. அவன் விலகியதும் மேலே வந்தது. கறம்பக்குடிப் பக்கம் அப்போது நல்ல மழை, தேங்காய் பதினெட்டு ரூபாய்க்குப் போனது, எங்களுக்கும் ஆயிரம் வேலை. யாரும் அதைப் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் செவந்தி மொண்டு கொடுத்த செம்புத் தண்ணீரும் அவன் வாயருகே போனதும் அடியில் ஒட்டிக்கொண்டது. கவிழ்த்தும் விழவில்லை. அவள் வாங்கிக் கவிழ்த்ததும் மடமடவென்று கொட்டியது.

அவன் வந்ததே அக்கா மகள் இனியாவுக்குக் காது குத்தத்தான். தாய்மாமன், அக்கா கையால் ஒரு செம்பு தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகே பிள்ளையை மடியில் வைப்பது எங்கள் பக்க வழக்கம். பெற்றவர்கள் இருவரும் போய்ச் சேர்ந்த பிறகு செவந்திக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அந்தத் தம்பி ஒருவன்தான். அவனோ, பாவி, சட்டைப் பையிலிருந்த ஊசி அட்டையைத் தானே எடுத்துக் காட்டினான்.

“டாக்டர் போடச் சொன்னாருக்கா. ஊருக்கு வர்றவங்க எல்லாரும் போடுறதுதான். தண்ணியில காய்ச்சல் வந்துறக் கூடாதுன்னு.”

“என்னடா எழுதியிருக்கு அதுல?”

“டிராவலர்னு.”

“டிராவலரா? ஏண்டா, இது ஒன் அக்கா வீடா, லாட்ஜா? நான் குடிக்கிற தண்ணி ஒனக்கு வெஷமாயிருச்சா?”

அந்தச் சொல் எங்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. டீக்கடையில் அவன் தலை தெரிந்தால், “டிராவலருக்கு ஒரு பாட்டில் தண்ணி!” என்று கத்தினோம். நர்ஸ் பொற்கொடி மட்டும் செவந்தியிடம் வந்து, “ஊசி நல்லதுதாங்க. எல்லாருமே தண்ணியக் காய்ச்சிக் குடிங்க,” என்றாள். அவளையும் பார்த்துச் சிரித்தோம். செவந்தி சிரிக்கவில்லை. “அத எறக்கிட்டு வா. இல்லாட்டி என் மக மூளிக்காதாவே இருந்துட்டுப் போறா,” என்று தம்பியிடம் சொல்லிவிட்டாள்.

எங்கள் ஊரில் தேள்கடி, பூரான்கடிக்கு விஷம் இறக்குபவர் சேவுகன். ஊசியை அதுவரை இறக்கியதில்லை என்றாலும், ஏறியது எதுவும் இறங்கும் என்று துணிந்து உட்கார்ந்தார். சனிக்கிழமை உச்சிப்பொழுதில் ஊரே சுற்றி நின்றது. வேப்பங்கொத்தால் தோளிலிருந்து விரல்வரை உருவிவிட, ஆள்காட்டி விரல் நுனியில் தெளிந்த ஒரு சொட்டு திரண்டு கொட்டாங்குச்சியில் விழுந்தது. சரவணக்குமாருக்கு முகம் வெளுத்துவிட்டது. “போதுமாக்கா?” என்று கேட்டான். “போதும்டா என் ராசா,” என்று அவள் அழுதாள். கிணறு அந்த நிமிடமே விளிம்புவரை பொங்கி வந்தது. இரண்டு செம்பு குடித்தான். மறுநாள் அவன் மடியில் வைத்து இனியாவுக்குக் காது குத்தினார்கள். கறிச்சோறு நன்றாக இருந்தது, இரண்டாம் பந்தியிலும் குறை வைக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. எங்களில் நாலு பேருக்கும் வந்து, போய்விட்டது. அவனுக்குப் போகவில்லை; நாளுக்கு நாள் ஏறியது. அது ஏற ஏறக் கிணற்றுத் தண்ணீரும் சூடேறி, காய்ச்சல் கண்ட ஒன்பதாம் நாள் தளபுளவென்று கொதித்தது. பொற்கொடி காய்ச்சச் சொன்ன தண்ணீர் தானாகவே காய்ந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக. குடல் ஓட்டையாகிவிட்டது என்றார்கள் புதுக்கோட்டை டாக்டர்கள். இருபதாம் நாள் அவனை ஆம்புலன்சில் கொண்டுவந்து இறக்கினோம். சேவுகன் வெளியூர் போயிருந்தார்.

காரியம் முடிந்த அன்று, கொட்டாங்குச்சியில் அந்தச் சொட்டு இன்னும் காயாமல் இருப்பதைச் செவந்தி பார்த்தாள். நெஞ்சில் அடித்துக்கொண்டு, “நீயே குடிச்சுத் தொலை!” என்று அதைக் கிணற்றில் வீசினாள். அன்றிலிருந்து எங்கள் ஊரில் டைபாய்டு கிடையாது. வெளிநாடு கிளம்புகிறவர்கள் திருமயத்திலிருந்துகூட வந்து ஒரு செம்பு குடித்துவிட்டுப் போகிறார்கள். பொற்கொடி ஊசியும் போட்டுக்கொள்ளச் சொல்கிறாள், இப்போது யாரும் சிரிப்பதில்லை. மொண்டு கொடுப்பவள் வளர்ந்துவிட்ட இனியா.

செவந்தி எட்டிப் பார்த்தால் மட்டும் தண்ணீர் இருபது அடி கீழே போய்விடுகிறது. அதனால் அவள் வருவது தெரிந்தால், “கொஞ்சம் அங்கிட்டு நில்லுத்தா, மொண்டுக்கிறோம்,” என்று சொல்லிவிடுவோம். அவள் கேன் தண்ணீர் வாங்கிக்கொள்கிறாள். கேன் முப்பத்தைந்து ரூபாய். கேன் கொண்டுவருகிறவன் வாசலில் நின்று, “டிராவலர்!” என்றுதான் கூப்பிடுகிறான். வந்து வாங்கிக்கொள்கிறாள்.