மகாராணிக்கு எத்தனை நாள்?

என் நாக்கில் சனி குடியிருக்கிறது என்பார் என் வீட்டுக்காரர். இரண்டு மாதத்துக்கு முன்னால் நாத்தனாரின் கிடாவைப் பார்த்து, "அண்ணி, உங்க மாப்பிள்ளை நாறுறான்" என்று தெருவே கேட்கச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை என்பது கிடாவின் பெயர். கிடா நாறாமல் மணக்குமா? ஆனால் அண்ணிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"இனிமே உன் ஆட்ட என் மாப்பிள்ளை திரும்பிக்கூடப் பாக்க மாட்டான்!"

அன்றோடு பேச்சுவார்த்தை முடிந்தது. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர், சுவரில் ஒரு குட்டிக் கதவு. தாழ்ப்பாள் அவர் பக்கம்.

என் ஆடு மகாராணியோ பருவத்துக்கு வந்து கத்தோ கத்தென்று கத்தினாள். மூக்குக் கண்ணாடி மாற்றப் போகிறேன் என்று தெருவில் ஊரெல்லாம் கேட்கச் சொல்லிவிட்டு அண்ணி கிளம்பிய செவ்வாய்க்கிழமை, கதவைச் சும்மா தள்ளிப் பார்த்தேன். திறந்துகொண்டது! அடடா, என் அதிர்ஷ்டமே அதிர்ஷ்டம். கால் மணி நேரத்தில் காரியம் முடிந்தது. மாப்பிள்ளையை நல்ல பிள்ளையாகத் திருப்பி அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்தும் மகாராணி மறுபடி கத்தவில்லை. சினைதான்.

ஆனால் ஆள் இளைத்துக்கொண்டே போனாள். வயிற்றுப்போக்கு வேறு. போன தடவை பிடித்த சினை கலைந்து, நான் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தவள். பயந்துபோய் மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடினேன்.

அங்கே பெஞ்சில் யார்? குளம்பு வெட்ட மாப்பிள்ளையைக் கூட்டி வந்த அண்ணி! முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டார். காது மட்டும் என் பக்கம்தான் இருந்தது.

டாக்டரம்மா மகாராணியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். "வெளுத்துப் போயிருக்கு. வயித்துல பூச்சி. சினையா?"

"ஆமா டாக்டர்."

"எத்தனை நாள்?"

ஓரக்கண்ணால் அண்ணியைப் பார்த்தேன். "மூணு மாசம். தங்கச்சி வீட்ல விட்டிருந்தேன், அப்போ."

கம்பவுண்டர் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சில் வெள்ளை மருந்தை உறிஞ்சினார்.

"மூணு மாசம்னா சரி" என்றார் டாக்டரம்மா. "ஒண்ணரை மாசத்துக்குள்ளன்னா இந்த மருந்தக் கொடுக்கவே கூடாது. கலைஞ்சிடும், இல்ல குட்டி ஊனமாப் பொறக்கும். நாள் நிச்சயம்தானே?"

பதிலுக்குக் காத்திராமல் கம்பவுண்டர் மகாராணியின் கடைவாயில் சிரிஞ்சை வைத்துவிட்டார். மானம் போனால் போகட்டும்!

"நிறுத்துங்க! முப்பத்திரண்டு நாள்தான். செவ்வாய்க்கிழமை. காலைல பதினோரு மணி."

"மணி கூடவா?"

"பக்கத்துல நின்னேன் டாக்டர். கதவத் திறந்துவிட்டதே நான்தான்."

மாப்பிள்ளை அந்த நேரம் பார்த்துக் கழுத்தை நீட்டி, மகாராணியைப் பார்த்து, பெட்டையை மோப்பம் பிடிக்கும் கிடாவாய் உதட்டைச் சுருட்டினான். வேறு சாட்சியே வேண்டாம்.

டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பாட்டிலை எடுத்தார். "இது சினைக்கு ஒண்ணும் செய்யாது. எதுவா இருந்தாலும் எங்கிட்டக் கேக்காம நீங்களா ஊத்தாதீங்க." மகாராணியை எடை போட்டு, அதற்குத் தகுந்தபடி அளந்து, தலையை மேலே தூக்காமல் கடைவாயில் மெல்ல மெல்ல விட்டார். இருமாமல் குடித்தாள் என் தங்கம்.

நான் அண்ணியின் இடிக்காகக் காத்திருந்தேன்.

"நீ எங்கடி திறந்த?" என்றார் அண்ணி. "தாழ்ப்பாள் என் பக்கம்ல இருக்கு."

அட, அன்றைக்குத் தள்ளியதுமே திறந்துகொண்டதே!

"உன் ஆடு கத்துற கத்து காதுல விழாதா? சபதம் போட்டுட்டு நானா கூப்பிட முடியும்? தாழ்ப்பாளத் தள்ளி வச்சிட்டுத்தான் கிளம்பினேன். கண்ணாடிக் கடைக்குச் செவ்வாய்க்கிழமை லீவுடி, மக்கு!"

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. "ரெண்டு குட்டி போட்டா ஒண்ணு உங்களுக்கு அண்ணி" என்றேன். அத்தோடு வாயை மூடியிருக்கலாம். "ஆனா மாப்பிள்ளை இன்னும் நாறத்தான் செய்றான்."

"தெரியும்" என்றார் அண்ணி, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு. "அதத் தெருவே கேக்கச் சொல்லணுமாடி?"