விமானத்தில் வந்த பூனைகள்

எங்கள் ஊருக்குப் பூனைகள் விமானத்தில் வந்தன. சிரிக்காதீர்கள். முந்தின வருடம் கொசுவுக்கு மருந்தடிக்க வந்தவர்கள் வீட்டுச் சுவரையெல்லாம் வெள்ளையாக்கிவிட்டுப் போனார்கள். கொசு செத்தது. சுவரில் உரசிவிட்டு உடம்பை நக்கிய பூனைகளும் ஒவ்வொன்றாய்ச் செத்தன. பிறகு எலிகளுக்கு என்ன பயம்? மமோரே ஆற்றுப் புல்வெளியில் திரிந்தவை எல்லாம் குடும்பத்தோடு வீட்டுக்குள் குடியேறின. அவற்றின் பின்னாலேயே காய்ச்சல் வந்தது. ஒவ்வொரு தெருவிலும் மூன்று நான்கு பேர் செத்தார்கள். என் மனைவி கசில்டாவும் செத்தாள். அவளைப் புதைத்த பதினேழாம் நாள் விமானம் வந்து இறங்கியது.

வீட்டுக்கு ஒரு பூனை என்றார்கள். ஓடுபாதை ஓரம் வெயிலில் வரிசையில் நின்றேன். எனக்குப் பின்னால் கசில்டாவின் தங்கை பெத்ரோனா. முன்னால் நின்ற கசாப்புக்கடை மெல்ச்சோர் கூண்டு கூண்டாக எட்டிப் பார்த்து, "இது ஒல்லி, அது ஒத்தக் கண்ணு" என்று குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

"பொண்ணு பாக்கவா வந்திருக்கே? குடுக்கறதை வாங்கிட்டு நகருய்யா!" என்றாள் பெத்ரோனா. வரிசையே சிரித்தது. ஊர் சிரித்துப் பல நாளாகியிருந்தது.

பூனையைக் கொடுக்குமுன் ஒரு நர்ஸ் பெண் மரப்பெட்டி மேல் ஏறி நின்று பேசினாள். "எல்லாரும் கேட்டுக்குங்க. எலிப் புழுக்கை கிடந்தா காஞ்சபடியே கூட்டாதீங்க. தண்ணி தெளிச்சு, ஈரத்துணியால அள்ளிப் போடுங்க. காஞ்சதைக் கூட்டினா தூசி மூக்குல ஏறும். அந்தத் தூசியிலதான் காய்ச்சல் இருக்கு."



கசில்டா அதிகம் கூட்டுகிறவள் அல்ல. சனிக்கிழமை ஒரு தடவை, மனசு வந்தால் புதனன்று ஒரு தடவை. நான் வாய் நீண்டவன். மரவள்ளி மாவுப் பானைக்குள் புழுக்கையைப் பார்த்த அன்று கத்தித் தீர்த்தேன். "நீ வீடு வச்சிருக்கற லட்சணத்துக்கு எலி வராம வேற என்ன வரும்?" என்றேன். அவள் மறுநாளிலிருந்து மூன்று வேளையும் கூட்டினாள். கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, மூலை மூலையாகக் கூட்டினாள். வீடெல்லாம் புழுதி பறந்தது. மூன்றாம் வாரம் படுத்தாள். ஈறில் ரத்தம் கசிந்தது, கை நடுங்கியது. ஒன்பதாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அக்கா கடைசியில ஏன்தான் அப்படிக் கூட்டினாளோ," பெத்ரோனா முணுமுணுத்தாள். "சின்ன வயசுலேருந்தே அவ துடைப்பத்தைத் தொட்டா அதிசயம்."

மறைத்திருக்கலாம். கத்தியது எனக்கும் கசில்டாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஆனால் நெஞ்சு கொள்ளவில்லை.

"என்னாலதான் பெத்ரோனா. நான் கத்தினேன். அதான் கூட்டினா."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் தேவலை.

"நீங்க கத்தினதை அவ சொல்லவே இல்லை அத்தான்," என்றாள். "ஒரு நாள் வந்தா. 'என் வீட்டை வந்து பாருடி, கண்ணாடி மாதிரி இருக்கு. உங்க அத்தான் இன்னும் வாயைத் திறக்கலை. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள நல்லா இருக்குன்னு சொல்ல வைக்கிறேனா இல்லையா பாரு'ன்னு சிரிச்சுக்கிட்டே போனா."

நான் சொல்லவில்லை. அந்த ஞாயிறும் சொல்லவில்லை, அடுத்த ஞாயிறும் சொல்லவில்லை. வீடு சுத்தமாக இருந்தது எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. சொன்னால் மறுபடியும் சோம்பேறியாகிவிடுவாள் என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

என் முறை வந்தது. நர்ஸ் ஒரு சாம்பல் நிறப் பூனையைக் கையில் திணித்தாள். பெத்ரோனா தன் பூனையை வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டாள்.

மூன்றாம் நாள் காலை அந்தப் பூனை அடுப்படியிலிருந்து ஒரு எலியைக் கவ்விக்கொண்டு வந்தது. என் காலடியில் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தது.

"சபாஷ்டி கண்ணு! கெட்டிக்காரி நீ!" என்றேன்.

எவ்வளவு சுலபமாக வாயில் வந்துவிட்டது! முப்பத்தொரு வருடம் என்னோடு குடித்தனம் பண்ணினவளுக்கு வராத வார்த்தை, மூன்று நாள் பழகிய பூனைக்கு வந்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து கதறினேன். பூனை மிரண்டு வெளியே ஓடிவிட்டது.