சோபாவின் அடிப்பக்கம்

அழகுத்தாய் புருஷன் வீட்டுக்குத் திரும்பிப் போவதற்கான விலை இருபதாயிரம் ரூபாய். 1993-இல் ஒரு ஸ்கூட்டரின் விலையும் ஏறக்குறைய அதுதான். மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூரில் குமாஸ்தா. வீட்டிலிருந்து ஆபீசுக்கு நானூறு அடி. அதை நடந்து கடப்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். ஸ்கூட்டர் வந்த பிறகு மனைவி வந்தால் போதுமென்று, ராஜபாளையத்தில் அப்பன் வீட்டில் இறக்கிவிட்டுப் போனார், பஸ்ஸில்.

அப்பன் வைகுண்டராஜுக்குப் பாத்திரக்கடை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்த டென்மார்க் டாக்டரம்மா ஊரைக் காலி செய்தபோது, அவளுடைய பித்தளைச் சாமான்களை எடைக்கு எடுத்தவர், ஒரு தேக்கு சோபாவையும் முந்நூறு ரூபாய்க்கு ஏற்றி வந்தார். பூ வேலை இல்லை, சிங்கக்கால் இல்லை, குச்சி குச்சியாய் நாலு கால். "தச்சனுக்குக் கூலி பத்தலையோ?" என்றார்கள் பார்த்தவர்கள்.

மெட்ராஸிலிருந்து பழஞ்சாமான் வாங்க வந்த மைக்கேல் அப்படிக் கேட்கவில்லை. சோபாவைக் கவிழ்த்து, அடியில் சூடு போட்டிருந்த கம்பெனி முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"இருபதாயிரம் தர்றேன் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை வண்டியோட வர்றேன். எதையும் தொடாதீங்க."

தொடாமல் இருக்க வைகுண்டராஜ் என்ன விவரம் கெட்டவரா? பழைய குடத்தில் 'பிச்சையம்மாள், 1962' என்று வெட்டியிருந்தால் வாங்குகிறவள் முகம் சுளிப்பாள், விலை பாதியாகும். பேரைச் சுரண்டினால்தான் முழு விலை. முப்பது வருஷமாகச் சுரண்டியே பிழைத்தவர் அவர்.

ஆசாரி சங்கையா உளியை வைக்குமுன் தயங்கினார். "மொதலாளி, அவிய தொடாதீயன்னுல்ல சொல்லிட்டுப் போனாவ?"

"அப்படித்தான் சொல்லுவாவ. பேரு இருந்தாத்தான பொறவு வெலையக் குறைக்கலாம். நீரு செதுக்கும்."

"ஒரு போன் போட்டுக் கேட்டுருவோம்பா," என்றாள் அழகுத்தாய்.

"ஏட்டி, யாவாரம் ஒனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?"

வெள்ளிக்கிழமை மைக்கேல் சோபாவை மறுபடி கவிழ்த்தார். முத்திரை இருந்த இடத்தில் ஒரு வெளிறிய குழி, அதன்மேல் பளபளவென்று வார்னிஷ். 

"இங்க ஒரு பேர் இருந்ததே?"

"சுத்தமா எடுத்தாச்சு. அதுக்குன்னு தனியாக் காசு வேண்டாம்," என்றார் வைகுண்டராஜ் பெருந்தன்மையாக.

"அந்தப் பேருக்குத்தான் அண்ணாச்சி இருபதாயிரம். இப்ப இது வெறும் தேக்குக் கட்டை. ஆயிரத்து ஐந்நூறு."

வைகுண்டராஜ் எட்டாயிரத்தில் ஆரம்பித்த பேரம் ஆயிரத்து அறுநூற்றில் மூச்சை விட்டது. வண்டி தெரு முனை திரும்பியதும் கணக்கு நோட்டை எடுத்தார்.

"நட்டம் இல்லட்டி. போட்டதுக்கு மூணு மடங்கு மேல."

"எனக்கு?" என்றாள் அழகுத்தாய். "ஸ்கூட்டர்ல மிச்சத்த வராக்கடன்னு எழுதிக்கிடச் சொல்லுங்க ஒங்க மாப்பிள்ளைய. நான் போவல."

வைகுண்டராஜ் காதில் விழாதவர்போல எழுதிக்கொண்டிருந்தார்.

வரவு 1,600. சோபா 300, வண்டி 80, ஆசாரி 60, வார்னிஷ் 45. லாபம் 1,115. ஸ்கூட்டருக்குப் பாக்கி 18,885.