சீனன்குடா பி.ஏ.

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுதும்படி யாரும் என்னைக் கேட்கவில்லை. கேட்டது அறிவுரை.

போன மாதம் துறைமுக வீதி வாலிபர் முன்னேற்றச் சங்கத்திடமிருந்து கடிதம் வந்தது. சங்கத்துக்கு வெள்ளிவிழா, மலர் போடுகிறார்கள். தலைவர் திருவாளர் தம்பிராசா, துறைமுக அலுவலகத்தில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வுபெற்றவர். (வாலிபர் சங்கத் தலைவருக்கு வயது அறுபத்திரண்டு.) ‘பழம்பெருமை வாய்ந்த பல்கலைக்கழகத்தில்* பயின்று எமது வீதியின் பெயரை மலையுச்சியில் பொறித்த தாங்கள்’ என்று தொடங்கி, அங்கே புக விரும்பும் இளையோருக்கு நான்கு பக்க அறிவுரை கேட்டிருந்தார். புகைப்படமும் வேண்டுமாம். அழகான தட்டெழுத்து, ஒரு பிழை கிடையாது. கீழ் மூலையில் தட்டெழுதியவரின் முதலெழுத்துகள் இரண்டு. அவற்றைப் பற்றிப் பிறகு.

அறிவுரை எழுத உட்கார்ந்தேன்.

முதலாவது: பாராட்டுக் கூட்டம் வைக்க விடாதீர்கள்.

இரண்டாவது வரவில்லை. சீலா வந்தாள்.

* மலைநாட்டில் இருப்பது. அரசர் காலத்துக் கூரை, அரசர் காலத்துத் தூண். கதை நடக்கும்போது கட்டடங்களுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீதிக் கிணறு அதைவிடப் பழையது. அதற்கு ஒருவரும் பழம்பெருமை சொல்வதில்லை.

2

தொடக்கம் (அ): பனி மூடிய மலைநாட்டுக் காலையொன்றில் சீலா [வெட்டு. திருகோணமலையில் இருந்துகொண்டு பனியைப் பற்றி எழுதுகிறவளை மத்தியான வெய்யிலில் நிறுத்தவேண்டும்.]

தொடக்கம் (ஆ): ஏழைக் குடிலில் ஏற்றிய தீபமே [இது என்னுடையதே அல்ல. தம்பிராசா பாடிய வாழ்த்துப்பாவின் முதலடி. எட்டு வருசமாகியும் மண்டையைவிட்டு இறங்க மாட்டேன் என்கிறது.]

தொடக்கம் (இ): 1964 வைகாசியில் சீலாவுக்குக் கடிதம் வந்தது.

இது இருக்கட்டும்.

சீலாவுக்குப் பத்தொன்பது வயது. அப்பா அல்பிரட் துறைமுக மிதவைகளைக் கரைக்கு இழுத்து, சிப்பி சுரண்டி, பெயின்ற் அடிக்கிறவர். அவர்கள் வீட்டுக் கதவு, கதிரை, அலுமாரி எல்லாம் மிதவைச் சிவப்பு. கடிதத்தை அவள் இரண்டு தரம் வாசித்தாள்.

“நேர்முகத்துக்கு வரச்சொல்லியிருக்கு, அப்பா. எடுத்ததெண்டு சொல்லேல்லை.”

“ஓம், விளங்குது” என்று சொல்லிவிட்டு, அல்பிரட் இரண்டு நாள் லீவு கேட்கத் தம்பிராசாவிடம் போனார். அங்கேதான் பிழை பிறந்தது.

தம்பிராசாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வெளிச்சவீட்டுக்கு அப்பால் ஒரு கப்பலின் புகை தெரிந்தால் போதும். துறைமுகப் பதிவில் ‘வந்தது’ என்று எழுதி, மை ஒற்றி, தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். “தெரிஞ்ச கப்பல் வரத்தானே வேணும்? வேறெங்க போறது?” என்பார். அதே கையால் சீலாவின் கடிதத்தையும் வாங்கிப் பார்த்தார்.

“கூப்பிட்டிட்டாங்கள், அல்பிரட்.”

“நேர்முகத்துக்கு எண்டு பிள்ளை சொல்லுறாள், ஐயா.”

“கூப்பிட்டா எடுத்ததுதான். நீர் பேசாமல் இரும். கூட்டத்தை நான் வைக்கிறன்.”

 அப்படி அவர் பதிந்த கப்பல்களில் ஒன்று மாத்திரம், காற்று மாறி, வெளியிலிருந்தே திரும்பிப் போயிற்று. எழுதியதை அவர் வெட்டவில்லை. பதிவின்படி அந்தக் கப்பல் இன்னமும் எங்கள் துறைமுகத்தில்தான் நிற்கிறது.

3

எங்கள் ஊரில் ஒருவன் உத்தியோகம் பெற்றாலும், மாற்றலாகிப் போனாலும், கப்பலேறினாலும் வாழ்த்துமடல் ஒன்று வேண்டும். வழவழத்த தாளில் அச்சடித்து, கண்ணாடி போட்டு, மேடையில் வாசித்துக் கொடுப்பார்கள். தம்பிராசா தமது பாவை எடுத்துக்கொண்டு லாபிர் நானாவின் அச்சகத்துக்குப் போனார்.

“ஐயா, பேருக்குப் பின்னால பி.ஏ. எண்டு போட்டிரிக்கீங்க. புள்ள இன்னும் போகவே இல்லியே?”

“மூண்டு வருசத்தில வரப்போகுதுதானே. அப்ப திரும்பவும் முழு எழுத்தும் கோக்கப் போறீரோ?”

லாபிருக்கு அது நியாயமாகப் பட்டது. எழுத்துக் கோத்தவள் அவருடைய மகள் ஸல்ஹா.

[இந்த ஸல்ஹா கதைக்குத் தேவையா? எனக்குச் சந்தேகம். பதினேழு வயது, கைநிறைய ஈயக்கறையும் மையும், வாயில் ஒரு சொல்லும் இல்லை. எழுத்துப்பெட்டிக்குப் பின்னால் நிற்கட்டும். வேலை இல்லையென்றால் கடைசியில் வெட்டிவிடலாம்.]

கூட்டம் சனிக்கிழமை பின்னேரம். மேடையில் பதினொரு பேர். பெண்பிள்ளைகளுக்கு மேல்வகுப்பில் உட்கார வாங்கு இல்லையென்று சொல்லி, சீலாவைச் சோக்குப்பெட்டி அறையில் இருத்திப் படிப்பித்த தலைமையாசிரியர், “நான் அவளுக்குத் தனி அறையே ஒதுக்கிக் கொடுத்தனான்” என்றார். போன வருசம்தான் அல்பிரட்டிடம் “பெட்டைக்குத் தட்டெழுத்துப் பழக்கும், போதும்” என்று சொன்ன தம்பிராசா, “எங்கட பிள்ளை! எங்கட பிள்ளை!” என்று மேசையில் அடித்தார். மடலின் அடியில் நிர்வாகசபையினர் பதினொருவரின் பெயர்களும் இருந்தன. சீலாவின் பெயரைவிடப் பெரிய எழுத்தில்.

சீலா எழும்பி ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனாள்.

“எனக்கு இன்னும் இடம் கிடைக்கேல்லை. நேர்முகத்துக்குத்தான்...”

தம்பிராசா ஒலிவாங்கியைத் தம் பக்கம் திருப்பினார். “பாத்தீங்களே தன்னடக்கத்தை! இதுதானய்யா படிப்பு!”

கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. அந்தக் குஷியில் லாபிரும் எழும்பிவிட்டார்.

“எண்ட மகள் ஸல்ஹா, பல்கலைக்கழகச் சோதனை விண்ணப்பப் போமில கையெழுத்து வைங்க வாப்பா எண்டு மூணு மாசமா நிக்கிறா. நான் வைக்கல்ல. இப்ப சபையில சொல்றன், அல்லா அறிய. சீலா ரயில் ஏறுற அண்டைக்கு நான் கையெழுத்து வைப்பன்!”

[பார்த்தீர்களா? ஸல்ஹாவை வெட்ட முடியாமல் போய்விட்டது.]

4

நேர்முக அறைக்குள் நான் இருக்கவில்லை. ஆகையால் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதலாவதில் சீலா பதில் சொல்லச் சொல்லப் பேராசிரியர்கள் வாயடைத்துப் போகிறார்கள். [மலர்க்குழுவுக்குப் பிடிக்கும். கிழித்தாயிற்று.]

இரண்டாவதில் அவர்கள் கொடியவர்கள். அவள் சட்டையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். [எனக்குப் பிடிக்கும். அதனாலேயே நம்ப முடியவில்லை.]

மூன்றாவது, பிறகு அந்த மாதிரியான கதிரையொன்றில் நானும் இருந்து எழும்பியதால் நம்புகிறேன். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று கனவான்கள். (பேச்சு ஆங்கிலத்தில். தமிழில் எழுதும்போது கொஞ்சம் மரியாதை கூடிவிடுகிறது.)

“தகப்பனார் துறைமுகத்தில் அதிகாரியா?”

“இல்லை, ஐயா. மிதவைக்குப் பெயின்ற் அடிக்கிறவர்.”

“ஓ! அது ஏன் சிவப்பு, கறுப்பு என்று நிறம் மாற்றி அடிக்கிறார்கள்?”

“உள்ளே வருகிற கப்பலுக்கு எந்தப் பக்கத்தால் வரவேண்டுமென்று சொல்ல. அது தெரியாதவர்கள் வெளியிலேயே தரைதட்டிப்போவார்கள்.”

“நல்லது, நல்லது” என்றார் நடுவிலிருந்தவர். கெட்ட மனிதரல்ல. அப்போது தேநீர் வந்தது. மூன்று கோப்பை.

5

ஆடியில் அடுத்த கடிதம் வந்தது. மூன்று வரி. வருந்துகிறோம் என்றது.

சீலா அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனாள். அல்பிரட் ஒரு மிதவையின்மேல் ஏறியிருந்து சிவப்பு அடித்துக்கொண்டிருந்தார்.

“எடுக்கேல்லையாம், அப்பா.”

தூரிகை நிற்கவில்லை. “ஆருக்குத் தெரியும்?”

“எனக்கும் உங்களுக்கும்.”

“அந்தோனியாருக்கும்” என்றார் அல்பிரட். பிறகு, “சொல்லிப்போடுவம், மகள். இதில என்ன வெக்கம்?”

“சொல்லலாம். ஆனா ஸல்ஹாவின்ர போம் வாற வெள்ளிக்குள்ள கொழும்புக்குப் போகவேணும். இப்பவே சொன்னா லாபிர் நானா கையெழுத்து வைக்கமாட்டார். சீலாவே திரும்பி வந்திட்டாள், உனக்கென்னத்துக்கு எண்டுவார். ஸல்ஹாவோட நிக்காது, அப்பா. வீதியில இருக்கிற பெட்டையள் எல்லாருக்கும் அதுதான் கதை.”

“நீ ரயில் ஏறினாத்தானே அவர் வைப்பார்?”

“ஓம்.”

“அப்ப ஏறன்.”

“ஏறினா இறங்கவேணுமே!”

அல்பிரட் தூரிகையைத் தகரத்தின் விளிம்பில் வழித்தார். “அடுத்த ஸ்டேசன் சீனன்குடா. நான் சைக்கிளோட நிக்கிறன்.”

[இந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது கடிதத்தின் திகதியும் மிதவையின் நிறமும் மட்டுமே. மீதியை நான் போட்டேன். அல்பிரட் இதைவிடக் குறைவாகத்தான் பேசியிருப்பார்.]

பல்கலைக்கழகம் எப்போது திறக்கும் என்று எங்கள் வீதியில் யாருக்குத் தெரியும்? சீலா வியாழக்கிழமை என்றாள். வியாழக்கிழமையே திறந்தது.

6

வியாழன் காலை ரயில் நிலையத்தில் வீதி முழுவதும் நின்றது. சீலாவின் தகரப்பெட்டிக்கும் மிதவைச் சிவப்பு. அல்பிரட் வரவில்லை, வேலை என்று சொல்லியனுப்பினார். “பாவம், பெத்த மனம், அழுவாரெண்டு ஒளிச்சிட்டார்” என்றார்கள். தம்பிராசா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து மாலை போட்டார். வாழ்த்துமடலை ஜன்னலால் உள்ளே தள்ளினார்கள். விடுதிச் சுவரில் மாட்டவேண்டுமாம்.

சீலாவின் கண் லாபிரின் கையில் இருந்தது. போம் இருந்தது. பேனை மூடியபடி இருந்தது.

“லாபிர் நானா, கையெழுத்து!”

“ரயில் வெளிக்கிடட்டும் புள்ள. ஏறினது ஏறினதா இரிக்கோணும்.”

“நான் ஏறித்தானே இருக்கிறன்!”

“ஓடட்டும், ஓடட்டும்.”

கொடி அசைந்தது. ரயில் ஒரு முறை குலுங்கி நகர்ந்தது. லாபிர் எழுதுவதற்கு மேசை தேடினார், கிடைக்கவில்லை. “ஐயா, கொஞ்சம் குனிங்க” என்று சொல்லி, தம்பிராசாவின் முதுகில் போமை வைத்துக் கையெழுத்துப் போட்டார். கோட்டில் மை ஊறியது. சீலா ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, கடைசி எழுத்து முடியும்வரை பார்த்தாள். பிறகுதான் உட்கார்ந்தாள்.

தம்பலகாமத்தில் அவளுக்கு ஒரு மாமி இருந்தாள்; கொஞ்ச நாள் ஒளிந்திருக்க அந்த வீடு. சீனன்குடா வருமுன் சீலா மாலையைக் கழற்றி ஜன்னலால் எறிந்தாள். பெட்டியை இறக்கினாள். அல்பிரட் சைக்கிளோடு நின்றார்.

7

முடிவு (அ): அடுத்த வருசம் சீலா திரும்பவும் எழுதி, இடம் பெற்று, பட்டம் வாங்கி [சோதனைக்கு மூன்றாம் தரம் விடமாட்டார்கள். போன தடவையே அவளுக்கு இரண்டாம் தரம்.]

முடிவு (ஆ): அவமானம் தாங்காமல் கடலில் [நமது எழுத்தாளர்கள் பெண்களை மூழ்கடிக்க ஒரு கிணறாவது தேடுவார்கள். எனக்கு ஒரு துறைமுகமே இருக்கிறது. ஆனாலும் மாட்டேன்.]

முடிவு (இ): நடந்தது.

மாமி வீட்டில் பத்து நாள் இருந்துவிட்டு சீலா திரும்பி வந்தாள். நேராக அச்சகத்துக்கு வந்து, மூன்று வரிக் கடிதத்தை லாபிருக்கு முன்னால் விரித்து வைத்தாள்.

“என்னைச் சபையில வச்சு ஏமாத்திட்டியே, புள்ள!”

“நானா, எடுத்திட்டாங்கள் எண்டு நான் ஒருநாளும் சொல்லேல்லை. நீங்க ரயில் ஏறினா எண்டுதானே சொன்னீங்க? ஏறினனான்தானே?”

லாபிர் ஆடு திருடின மாதிரி முழித்தார். சபையில் அல்லா அறியச் சொன்ன சொல்லை எந்தக் கணக்கில் திருப்பி வாங்குவது? போமும் கொழும்புக்குப் போய்விட்டது.

அவள் இறங்கிய ஸ்டேசனும் வெளியே தெரிந்தது; வீதி அவளுக்கு ஒரு பட்டம் கொடுத்தது. அதற்கு மட்டும் நேர்முகம் தேவைப்படவில்லை. குழாயடியில், சந்தையில், கோவில் வாசலில், ‘சீனன்குடா பி.ஏ.’ ஸ்டேசனில் அவள் முகம் பார்த்து அழுதவர்கள்தான் முதலில் சொன்னார்கள். தலைமையாசிரியருக்கு அவளைத் தெரியாமலே போயிற்று. தம்பிராசா மாத்திரம் பெருந்தன்மை காட்டினார்: தட்டெழுத்துப் பழகச் சொல்லி அனுப்பினார்.

சீலா கடிதத்தை விரித்த அன்று, அச்சகத்தில் எழுத்துப்பெட்டிக்குப் பின்னால் ஒருத்தி நின்றாள். கடிதத்தின் திகதியைத் தலைகீழாக வாசித்தாள். எழுத்துக் கோக்கிறவளுக்கு அது கஷ்டமில்லை. ரயில் ஏற ஒன்பது நாளுக்கு முந்திய திகதி. அவளுக்கு எல்லாம் விளங்கியது. ஒரு சொல் சொல்லவில்லை.

வெட்டிவிடலாமா என்று கேட்டேனே, அந்த ஸல்ஹா. நான்தான்.

நான் சோதனை எழுதினேன். இடம் கிடைத்தது. எனக்கும் கூட்டம் வைத்தார்கள், எனக்கும் பா பாடினார்கள். அதே தீபம், அதே குடில். பெயரை மட்டும் மாற்றியிருந்தார்கள். பின்வரிசையில் சீலா இருந்தாள். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. அன்றைக்கு அதை ஒருவரும் திருப்பவில்லை. நான் “நிர்வாகசபையினருக்கு நன்றி” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.

இதுவரை நான் கோபமாக எழுதியதெல்லாம் யார்மேல் என்று இப்போது தெரிந்திருக்கும்.

ஆகவே, மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, அறிவுரை இல்லை, இதுதான். மலருக்கு வருகிற எல்லாவற்றையும் முதலில் தட்டெழுதுகிறவர் யாரென்று எனக்குத் தெரியும். உங்கள் கடிதத்தின் கீழ்மூலையில் ‘சீ.அ.’ என்று இருந்தது. கதையின் முடிவு அவளுடையது. கீழே இடம் விட்டிருக்கிறேன். சீலா, பொய்யென்றால் திருத்து. வேண்டாமென்றால் முழுவதையும் கிழித்துப் போடு, நான் கேட்கமாட்டேன்.

வாசிக்கிற உங்களுக்கு: இது மலரில் வந்திருந்தால், அவள் கிழிக்கவில்லை. அதற்குமேல் எனக்குத் தெரியாது.



(தட்டெழுதினவளின் குறிப்பு: படம் அனுப்ப மறந்திட்டாய். மாமி வீட்டில் பத்து நாள் இல்லை, பதினொன்று. மாலையை நான் எறியேல்லை. சைக்கிளில், தம்பலகாமம் போய்ச்சேரும்மட்டும், போட்டுக்கொண்டுதான் போனனான். — சீ.அ.)