கேபிள் தவறு

“கேபிள்தான் தப்பு. ஒத்துக்கிட்டுக் கெளம்புங்க” என்றார் வைத்தியலிங்கம். சுரக்குடி சாலையில் இருந்த அந்த லேத் பட்டறையின் மேற்பார்வையாளர். வந்து ஒரு மணி நேரமாகியும் ஜெனிட்டாவை அவர் உட்காரச் சொல்லவில்லை.

கணினியிலிருந்து கடைசல் இயந்திரத்துக்குப் புரோகிராம் கொண்டுபோகும் கேபிளைப் போன மாதம் பற்றவைத்துக் கொடுத்தவள் அவள். ஒரு வாரமாக இயந்திரம் எதையும் வாங்கவில்லை. சர்வீஸ் தாளில் ‘கேபிள் தவறு’ என்று விழுந்தால், அவள்மேல் அது மூன்றாவது புகார். அவள் வேலைபார்க்கும் சர்வீஸ் கம்பெனி அவளை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

“சால்டரிங் அயர்ன்ல பத்த வச்சீங்களா, தோசைக் கரண்டியிலயா?” இயந்திரத்தை ஓட்டும் ஜெயபிரகாஷ் சிரித்தான்.

ஜெனிட்டா இயந்திரத்தின் பக்கம் போனாள். கேபிளின் இயந்திர முனையைக் கழற்றி, இரண்டாம் துளையையும் மூன்றாம் துளையையும் ஒரு ஜெம் கிளிப்பால் இணைத்துவிட்டுக் கணினியில் தட்டினாள். போன எழுத்துகள் அப்படியே திரும்பித் திரையில் வந்தன.

“கேபிள் சரியா இருக்கு சார்.”

இயந்திரத்தில் கேபிள் செருகும் போர்ட்டுக்குள் டார்ச் அடித்தாள். ஊசிகளை மூடிக் காய்ந்து கிடந்தது சந்தனம், நடுவில் குங்குமம்.

“ஆயுத பூஜைக்குத் தொடச்சப்ப இதக் கழட்டுனீங்களா? உள்ள யாரு பொட்டு வச்சா?”

வைத்தியலிங்கத்தின் முகம் கறுத்தது. “நான்தான் வச்சேன். கழுத்துல சிலுவையப் போட்டுக்கிட்டு எங்க பூசையில குத்தம் கண்டுபிடிக்க வந்தியா?”

“பூசையில இல்ல சார். பொட்டு இருக்கிற எடத்துல.”

ஸ்பிரிட்டில் நனைத்த பிரஷால் ஊசி ஊசியாகத் துடைத்துக் கேபிளை மாட்டினாள். இயந்திரத்தின் திரையில் புரோகிராம் வரிவரியாக இறங்கியது. வைத்தியலிங்கம் தாளை இழுத்து, ‘கேபிள் தவறு. சரிசெய்யப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு எறிந்தார்.

எடுத்துப் படித்தாள். குனிந்து கேபிளின் திருகுகளைக் கழற்றினாள். முழங்கையில் சுற்றிப் பைக்குள் வைத்தாள்.

“என்ன பண்ற?”

“தப்பான கேபிள்னு எழுதிட்டீங்களே. அத இங்க விட்டுட்டுப் போறது நல்லாவா இருக்கும்?”

“அண்ணே, இன்னும் மூணு புரோகிராம் ஏத்தணும்” என்றான் ஜெயபிரகாஷ். இப்போது சிரிப்பில்லை.

ஜெனிட்டா வாசல்வரை வந்துவிட்டாள். பின்னால் நாற்காலி நகர்ந்தது.

“தாளக் குடு.”

முந்தைய வரியை அடித்துவிட்டு எழுதினார்: ‘போர்ட்டில் தூசி.’ சந்தனம் என்றெழுத அவர் கை இணங்கவில்லை. தூசியே போதும் அவளுக்கு. கேபிளை மாட்டி, இரண்டு திருகுகளையும் முடுக்கினாள்.

“இனிமே நீ வராத. வேற ஆள அனுப்பச் சொல்லு.”

“சொல்றேன் சார்” என்று தாளை நான்காக மடித்துக்கொண்டாள்.