காலியாக விட்ட ஐந்து வருடங்கள்

எங்கள் நிறுவனத்தில் ஒரு விதி உண்டு. வேலையில் சேர்ந்து மூன்று வருடம் முடிவதற்குள் ஒரே ஒரு முறை பிரிவு மாறிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு இருக்கிற இடத்திலேயே தலை நரைக்க வேண்டியதுதான். நான் தணிக்கைப் பிரிவில் சேர்ந்து இரண்டு வருடம் பதினோரு மாதம் ஆகியிருந்தது. தள்ளிப்போடுவதில் நான் கெட்டிக்காரன்.

தணிக்கை என்றால், மற்றவர்கள் போன வருடம் செய்ததை இந்த வருடம் உட்கார்ந்து சந்தேகப்படுவது. ஒவ்வொரு எண்ணுக்கும் ஆதாரம் தேடி, கிடைத்தால் பச்சை மையில் ஒரு டிக் போடுவோம். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் வவுச்சர். "காய்ச்சல் சார்" என்று இருமிக்கொண்டே சொன்னால்கூட, அதற்கு ஏதாவது காகிதம் இருக்கிறதா என்பதுபோல் கையை நீட்டுவார்.

நான் போக நினைத்தது ஆறாவது மாடியில் இருந்த முதலீட்டு ஆய்வுப் பிரிவுக்கு. ஒரு கம்பெனி இனிமேல் எப்படிப் போகும் என்று சொல்வது அவர்கள் வேலை. போன வருடத்திலேயே குடியிருப்பவனுக்கு அடுத்த வருடத்தில் ஒரு நாற்காலி என்றால் ஆசையாகத்தானே இருக்கும்?

வீட்டில் என்னைவிட அக்காவுக்குத்தான் பதற்றம். ஒரு வங்கியின் பணக் கவுன்டரில் ஒன்பது வருடமாக உட்கார்ந்திருக்கிறாள். கடன் பிரிவுக்கு மாற அவளும் ஒரு காலத்தில் மனு கொடுத்தாள். "இந்த வருஷம் ஆள் பத்தலம்மா, அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார்கள். அந்த அடுத்த வருடம் இன்னும் வந்துகொண்டே இருக்கிறது.

பிரிவு மாற ஒரு தேர்வு எழுத வேண்டும். அன்று காலை என் சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டாள்.

"காலரைப் பிடிச்சு இழுக்காதே. உளறாதே. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு."

"மூணையும் ஒரே நாள்ல எப்படிக்கா?"

"வாயை மூடுடா. இந்த வீட்டுல ஒருத்தராவது உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திரிக்கணும்."

ஆறாவது மாடியில், பிரிவின் தலைவியான மேடம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஏதோ ஒரு செருப்புக் கம்பெனியின் கணக்கு.

"மூணு மணி நேரம் இருக்கு. இடது பக்கம் போன அஞ்சு வருஷம். வலது பக்கம் அடுத்த அஞ்சு வருஷத்துக்குக் கட்டம் காலியா இருக்கு. அதை நிரப்பிட்டு, இந்தப் பங்கை வாங்கலாமா வேண்டாமான்னு ஒரு வரி எழுதுங்க. அவ்வளவுதான்."

நிரப்பத்தான் உட்கார்ந்தேன், சத்தியமாக. ஆனால் இடது பக்கத்தைச் சரிபார்க்காமல் வலது பக்கத்தை எப்படி எழுதுவது? ஒரு கூட்டல்தானே, பார்த்துவிட்டுப் போவோம் என்று நினைத்தேன். கை தானாகச் சட்டைப்பையில் இருந்து பச்சைப் பேனாவை எடுத்துவிட்டது. மூன்றாவது வருடத்தில் கிளைகளின் விற்பனை, மொத்தத்தோடு ஒட்டவில்லை. திரும்பக் கூட்டினேன். குறுக்கே கூட்டினேன். கடைசியில் பிடித்துவிட்டேன், ஒரு கிளையை இரண்டு தடவை சேர்த்திருக்கிறார்கள்! வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த வருடத்தில் அதைவிடச் சந்தோஷமான நிமிடம் எனக்கு வாய்க்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் பத்து நிமிடம்தான் மிச்சம். பக்கத்து மேசையில் வரிப் பிரிவுப் பெண் வளர்ச்சி எட்டு சதவீதம், பத்து சதவீதம் என்று யாரோ காதில் சொல்வதுபோல் மளமளவென்று எழுதிக்கொண்டிருந்தாள். நானும் எட்டு என்று எழுதினேன். யார் சொன்னது எட்டு? அடித்தேன். ஐந்து கட்டங்களுக்கும் சேர்த்து ஒரே வரி எழுதிக் கொடுத்தேன்: 'ஆதாரம் பார்வைக்குக் கிடைக்கவில்லை.'

மறுநாள் மேடம் கூப்பிட்டார். எதிரே பச்சை டிக்குகளோடு என் தாள்.

"எட்டு வருஷமா இதே தாளைத்தான் குடுக்கிறோம். இந்தப் பிழையை ஒருத்தரும் கண்டுபிடிச்சதில்ல. நான் உட்பட."

எனக்குக் காது சூடானது.

"ஆனா நான் கேட்டது அடுத்த அஞ்சு வருஷம், தம்பி."

"அது இன்னும் நடக்கலையே மேடம்."

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை.

"நடந்துட்டா அப்புறம் நாங்க எதுக்கு?"

"தப்பா சொல்லிட்டா..."

"பாதி நேரம் தப்பாத்தான் சொல்றோம். நீங்க ரொம்ப நல்ல ஆடிட்டர்."

நோயாளியின் உறவினரைத் தனியாக அழைத்துப் பேசும் டாக்டரின் குரல் அது.

சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறந்த அக்கா என் முகத்தைப் பார்த்தாள்.

"எட்டு வருஷமா யாரும் பாக்காத தப்பு ஒண்ணைக் கண்டுபிடிச்சேன்க்கா."

"வேலை?"

நான் குனிந்து ஷூ கயிற்றை அவிழ்த்தேன். அது ஏற்கெனவே அவிழ்ந்துதான் இருந்தது.

"சரி, சட்டையைக் கழட்டிப் போடு. துவைக்கணும்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

மூன்று வருடம் முடிய நான்கு நாள் இருந்தபோது வவுச்சர் என்னைத் தன் அறைக்கு அழைத்தார்.

"ஆறாவது மாடியிலேர்ந்து உன்னைக் கேட்டிருக்காங்கப்பா" என்று சொல்லிவிட்டு, இழுப்பறையில் எதையோ தேட ஆரம்பித்தார்.

மேசைக்கு அடியில் என் விரல்கள் அக்காவுக்குச் செய்தி அனுப்பிவிட்டன: 'மேல கூப்பிட்டுட்டாங்கக்கா!' என் வாழ்க்கையில் காகிதம் பார்க்காமல் எழுதிய முதல் வரி.

வவுச்சர் ஒரு உறையை எடுத்து நீட்டினார். உள்ளே செருப்புக் கம்பெனி.

"புதுசாத் தயார் பண்ணின தாளாம். இனிமே வருஷா வருஷம் தேர்வுக்கு முன்னாடி நீதான் சரிபார்த்துக் குடுக்கணுமாம். நம்ம பிரிவுக்கே பெருமைப்பா." முதல் தடவையாக அவர் பல்லைப் பார்த்தேன். "வலது பக்கம் காலியா இருக்கிற கட்டத்தை நீ தொட வேண்டாம். அது எழுத வர்றவங்களுக்கு."

என் மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். போன் அதிர்ந்தது.

'எனக்கு அப்பவே தெரியும்டா! இங்க கவுன்டர்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்.'

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பச்சைப் பேனாவைத் திறந்து, முதல் வருடத்தின் முதல் கூட்டலில் இருந்து ஆரம்பித்தேன். சரியாகத்தான் இருந்தது.