பாசிர் பெனம்பாங்கிலிருந்து வந்த சோபா

ராவாங்கில் அவர்கள் குடியிருந்த வாடகை வீடு ஒரு மத்தியானத்தில் எரிந்துபோனது. விமலன் அப்போது செம்பனைக் குலை ஏற்றிய லோரியோடு எஸ்டேட்டுக்கும் எண்ணெய் ஆலைக்கும் நடுவில் எங்கோ இருந்தான். அவன் மனைவி நித்தியா பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பாட்டில் மூடிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்து தோளைத் தொட்டு, "ஒங்க பக்கத்து வீட்டுலேர்ந்து போன் வந்துச்சு, ஒடனே கெளம்பு" என்று விஷயத்தைச் சொன்னபோது, அவள் அந்தப் பெட்டியை நிரப்பி, டேப் ஒட்டி, ஓரமாக வைத்துவிட்டுத்தான் எழுந்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு அவளுக்கே தெரியவில்லை.

அவள் போய்ச் சேர்ந்தபோது தீயணைப்புக்காரர்கள் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். கூரை உள்ளே சரிந்து கிடந்தது. கரித்தண்ணீர் வாசல் வழியாகச் சாக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தது. பழைய ஒயர், சுவருக்குள்ளேயே பற்றியிருக்கிறது என்றார்கள். யார் மேலும் தப்பு இல்லை.

"உசுருக்கு ஒண்ணும் ஆகலல்ல, அது போதும் லா" என்று பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். நித்தியா தலையாட்டினாள். உண்மைதானே. அழுகை வரும் என்று முதல் இரண்டு நாள் காத்திருந்தாள். வரவில்லை. பிறகு காத்திருப்பதையும் விட்டுவிட்டாள்.

புக்கிட் ரோத்தானில் சிவானந்தம் மாமாவின் வீடு பூட்டிக் கிடந்தது. எஸ்டேட் மூடியபோது அங்கிருந்த குடும்பங்களுக்குக் கொடுத்த வீடுகளில் ஒன்று. மாமா மகனோடு ஷா ஆலாமுக்குப் போனதிலிருந்து யாரும் அதில் குடியில்லை. சாவியைக் கையில் கொடுத்து, "எவ்ளோ நாளு வேணும்னாலும் இருந்துக்கோங்க. கூட்டித் தள்ளிட்டுப் போங்க, பல்லி நெறைய இருக்கும்" என்றார். விமலனுக்கு வேலை இடம் இன்னும் பக்கமானது. நித்தியாவை ஏற்றிக்கொள்ளத் தொழிற்சாலை பஸ் முச்சந்தி வரைக்கும் வந்தது. குடி வந்துவிட்டார்கள். கொண்டுவர எதுவும் இல்லாததால் ஒரே நடையில் முடிந்தது.

அதன் பிறகு சாமான்கள் வர ஆரம்பித்தன. எதிர்வீட்டு புஷ்பா அக்கா ஒரு பானையும் இரண்டு பாயும் கொடுத்தாள். கோயில் கமிட்டியிலிருந்து, யாரோ ஒரு கல்யாணத் தம்பதியின் பெயர் வெட்டிய எவர்சில்வர் தம்ளர்கள் வந்தன. தொழிற்சாலைத் தோழி ஒருத்தி ஜன்னல் திரைகள் கொடுத்தனுப்பினாள். அவை இந்த ஜன்னலுக்கு ரொம்ப நீளம், தரையைக் கூட்டின. ஊக்குக் குத்தி ஏற்றிவிட்டாள். சாத்தினால் திறந்துகொள்ளும் அலமாரி ஒன்று வந்தது. அட்டையை மடித்து இடுக்கில் செருகினால் நிற்கும். டயர் கடை விளம்பரம் போட்ட சுவர்க் கடிகாரம் வந்தது. நித்தியா எல்லாவற்றையும் வாங்கி, துடைத்து, இடம் பார்த்து வைத்தாள். கடைக்கு வேலைக்கு வந்தவள் சரக்கு அடுக்குவதுபோல் இருந்தது அது.

ஒரே ஒரு தொந்தரவு அவள் கையால்தான். கரண்டி வேண்டுமென்றால் கை தானாக அடுப்புக்கு இடது பக்கம் போகும். பழைய வீட்டில் கரண்டிகள் அங்கேதான் தொங்கும். இங்கே அந்தப் பக்கம் வெறும் சுவர். சுவரைத் தொட்டதும் கை திரும்பி வரும். வலியெல்லாம் இல்லை.

விமலன் அப்படி இல்லை. வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூட மாற்றாமல் சுத்தியலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஆலைக்குப் பின்னால் கிடந்த மரப்பலகைகளைக் கழற்றிக்கொண்டுவந்து தட்டு அடித்தான். தெரிந்த பெயின்டரிடம் மிச்சம் மீதி டின்களை வாங்கி ஒரே வாளியில் கலக்கினான். பச்சையும் இல்லாமல் சாம்பலும் இல்லாமல் ஒரு நிறம் வந்தது.

"எந்தச் செவுத்துல அடிக்கட்டும்?"

"எதுலனாலும் பரவால்லங்க."

"ஏதாச்சும் ஒண்ணு சொல்லு லா, நித்தி."

"கூடத்துல, முன்னாடி செவுரு."

அடித்து முடித்துவிட்டுக் கூப்பிட்டான். வந்து பார்த்தாள். "நல்லாருக்கு" என்றாள். அவன் பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வேறு எதையோ எதிர்பார்க்கிறான் என்று தெரிந்தது. தன்னிடம் அது இல்லை என்பதும் தெரிந்தது. அடுப்பில் பருப்பு இருந்தது, போய்விட்டாள்.

சோபாவை அவன்தான் கைப்பேசியில் கண்டுபிடித்தான். பழைய சாமான் விற்கிறவர்கள் படம் போடும் ஒரு குழுவில் வந்திருந்தது. நல்ல கனமான மரம், கைப்பிடியில் செதுக்கு வேலை, மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். பாசிர் பெனம்பாங்கில் ஒரு சீனர் வீடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கூட்டாளி புவனேசனிடம் காய்கறி ஏற்றுகிற சின்ன லோரியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தான்.

"நீயும் வா, பாத்துட்டுப் பிடிக்கலன்னா விட்டுடலாம்."

"எனக்கு எதுனாலும்..."

"தெரியும். சும்மா வா."

கோலா சிலாங்கூர் பாலத்தைத் தாண்டும்போதே கருவாட்டு வாடை வந்துவிட்டது. ஆற்றோரம் படகுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. வீட்டுக்காரர் பெயர் ஆ செங், அறுபது வயதுக்குக் கிட்டே இருப்பார், வாசலிலேயே நின்று கையசைத்தார். படகை விற்றாகிவிட்டது, கிள்ளானில் மகள் இருக்கிற அடுக்குமாடிக்குப் போகிறோம், அங்கே லிஃப்டுக்குள்ளேயே இந்தச் சாமான் நுழையாது என்று மலாயில் சொல்லிக்கொண்டே உள்ளே கூட்டிப்போனார்.

கூடத்தில் சோபா மட்டும்தான் மிச்சம் இருந்தது. அதன் நடுவில் அவர் மனைவி உட்கார்ந்திருந்தாள். முட்டி வரைக்கும் கால்சட்டை, குட்டையாக வெட்டிய நரைமுடி, இரண்டு கையும் தொடைமேல்.

ஆ செங் அவளிடம் அவர்கள் பாஷையில் ஏதோ சொன்னார். அவள் நகரவில்லை. மறுபடி கொஞ்சம் தணிந்த குரலில் சொன்னார். அவள் எதிரே இருந்த காலிச் சுவரைப் பார்த்தாள். மூன்றாவது தடவை அவர் குரல் உயர்ந்தது. விமலன் சங்கடப்பட்டு, "பரவால்ல தவுக்கே, மெதுவா" என்று முதலாளியிடம் பேசும் மரியாதையோடு சொன்னான்.

"நேத்து சரின்னுதான் சொன்னா, அண்ணே" என்றார் ஆ செங். "இன்னிக்கு இப்புடி."

ஆண்கள் இருவரும் வெளியே போய் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு லோரியைப் பார்த்தபடி நின்றார்கள். நித்தியாவுக்குக் கால் கடுத்தது. முந்தின நாள் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்திருந்தாள். வேறு உட்கார இடம் இல்லை. போய் அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆறுதல் சொல்ல வேண்டும் என்றெல்லாம் அவளுக்குத் தோன்றவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பெண் திரும்பாமலே மலாயில் கேட்டாள். "ஒன் வீட்டுல சோபா இல்லியா?"

"இல்ல, கக்கா." மலாயில் அக்கா என்றுதான் கூப்பிட்டாள்.

"புதுசாக் கல்யாணமா?"

"இல்ல. வீடு எரிஞ்சிடுச்சு."

அந்தப் பெண் இப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லப்போகிறாள் என நித்தியா நினைத்தாள், தலையாட்டவும் தயாரானாள். ஆனால் அவள் கேட்டது வேறு.

"என்னென்ன இருந்துச்சு?"

இதுவரைக்கும் யாரும் அதைக் கேட்டதில்லை. என்ன வேண்டும் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். நித்தியா சொல்ல ஆரம்பித்தாள். ஒரு கால் உடைந்த சோபா, அதற்குச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்தது. கதவை உதைத்துச் சாத்த வேண்டிய பிரிட்ஜ். தையல் மெஷின். சாமி மாடம். கல்யாண ஆல்பம், அதில் பாதிப் படத்தில் கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். அம்மாவின் இரண்டு சேலை. கடைச்சாமான் கணக்குச் சொல்கிற மாதிரி குரல் ஒரே சீராகப் போனது. ஆ லியன் என்பது தன் பெயர் என்று அந்தப் பெண் நடுவில் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஏதாவது கேட்டாள். மெஷின் காலால் மிதிப்பதா, கரண்டா? சேலை பட்டா? அடுப்படியில் ஜன்னல் இருந்ததா?

"இருந்துச்சு. தெர போட்டிருந்தேன். நானே தெச்சது."

"என்ன கலரு?"

நித்தியா வாயைத் திறந்தாள். தினமும் காலையில் அந்தத் திரையை ஒதுக்கிவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பாள். துணியின் சொரசொரப்பு விரலில் இருந்தது. கம்பியில் வளையம் இழுபடுகிற சத்தம் காதில் இருந்தது. நிறம் மட்டும் இல்லை. எழுந்து வாசலுக்குப் போனாள்.

"ஏங்க, நம்ம அடுப்படி தெர என்ன கலரு?"

விமலன் திரும்பிப் பார்த்தான். "எந்தத் தெர?"

"ராவாங் வீட்டுல. அடுப்படி ஜன்னல்ல."

"நீலந்தான?"

"நீலம் படுக்கிற ரூம்ல."

"அப்ப..." அவன் யோசித்தான். சிகரெட் சாம்பல் நீண்டு உதிர்ந்தது. "தெரியல நித்தி."

அவள் உள்ளே திரும்பியபோது ஆ லியன் எழுந்து நின்றிருந்தாள். சோபாவின் கைப்பிடியை ஒருமுறை உள்ளங்கையால் தடவினாள், அழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. "எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள். சாமானைத் தூக்கி லோரியில் ஏற்றிக் கயிறு கட்டும் வரைக்கும் அவள் வெளியே வரவில்லை.

திரும்பும் வழியில் விமலன், "மஞ்சளா இருக்குமோ?" என்றான்.

"மஞ்ச துணி நான் வாங்குனதே இல்ல."

"பூப்போட்டதுதான?"

"கட்டம் போட்டது."

"இல்ல நித்தி, பூ. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"நீங்க எங்க அடுப்படிப் பக்கம் வந்தீங்க, ஞாபகம் இருக்கிறதுக்கு?"

வீடு எரிந்த பிறகு அவள் அவனிடம் சுள்ளென்று பேசியது அதுதான் முதல் தடவை. அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டினான். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை கொஞ்சம் தளர்ந்தது. புக்கிட் ரோத்தான் வருவதற்குள் அவளும் மறுபடி பழையபடி ஆகிவிட்டாள்.

சோபா வாசலில் நுழையவில்லை. இரும்புக் கதவைக் கழற்றி, மரக்கதவையும் கழற்றி, புஷ்பா அக்காவின் புருஷனும் கை கொடுத்து, பக்கவாட்டில் சாய்த்து உள்ளே தள்ளினார்கள். கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டது. இழுக்கத் தெம்பில்லாமல் ஜன்னலை ஒட்டி அப்படியே விட்டார்கள். வேலை இல்லாத நேரங்களில் நித்தியா அதில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியாகச் சாலையும் அதற்கு அப்பால் செம்பனை வரிசையும் தெரிந்தன. எதையும் யோசிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பாள். மரத்தில் தைல வாடை ஊறியிருந்தது, எவ்வளவு துடைத்தும் போகவில்லை. அது அவளுக்குத் தொந்தரவாகவும் இல்லை.

அந்த மாதக் கடைசியில் ஆ செங் போன் செய்தார். இன்றைக்குக் கிள்ளானுக்குக் கிளம்புகிறோம், மனைவி வழியில் உங்கள் வீட்டைப் பார்க்க வேண்டும் என்கிறாள், ஐந்து நிமிஷம்தான், என்றார். மூட்டை முடிச்சோடு வேன் வந்து நின்றது. ஆ லியன் ஒரு பொட்டலம் உலர்ந்த இறாலை நித்தியாவின் கையில் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். நிறம் கலங்கிய சுவரை, கடிகாரத்தை, ஊக்குக் குத்திய திரையை. பிறகு சோபாவைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இங்கப் போடக் கூடாது. சாயங்காலம் வெயில் அடிக்கும், மரம் வெளுத்துடும். அந்தச் செவுத்துப் பக்கம் தள்ளுங்க."

அவள் சொன்னது சரிதான். விமலன் உடனே குனிந்து ஒரு முனையைப் பிடித்தான். ஆ செங்கும் மறுமுனைக்குப் போனார்.

"வேணாம்" என்றாள் நித்தியா.

இருவரும் நிமிர்ந்தார்கள்.

"இங்கயே இருக்கட்டும்."

"வெளுத்துடும்" என்றாள் ஆ லியன் மறுபடியும்.

"வெளுத்தா வெளுக்கட்டும், கக்கா. எனக்கு இங்கதான் வேணும்."

சொன்ன பிறகு அவளுக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அடுத்தவர் ஆசையாக வைத்திருந்த சாமான். ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆ லியன் அவளைப் பார்த்தாள், பிறகு ஜன்னலைப் பார்த்தாள், போய் சோபாவின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து சாலைப் பக்கம் கழுத்தைத் திருப்பினாள். ஒரு மோட்டார் சைக்கிள் போனது. குலை ஏற்றிய டிராக்டர் ஒன்று போனது.

"எங்க வீட்டுல இதுல உக்காந்தா செவுருதான் தெரியும்" என்றாள்.

தேநீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். வேன் முச்சந்தியில் திரும்பி மறையும் வரை விமலன் வாசலில் நின்றான். உள்ளே வந்து, "ஏன் வேணாம்ன?" என்று கேட்டான்.

"தெரியலங்க. சொல்லணும்போல இருந்துச்சு."

அவன் தலையாட்டினான். துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனான்.

நித்தியாவுக்கு அன்றைக்கு மத்தியான ஷிஃப்ட். இறாலை டப்பாவில் போட்டு மூடினாள், பையை மாட்டிக்கொண்டு முச்சந்திக்கு நடந்தாள். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் விஷாலினி இருந்தாள், அவளுக்குத் திரைகள் கொடுத்தவள்.

"வீடெல்லாம் செட் ஆயிடுச்சாக்கா?"

"பாதி ஆச்சு. ஒரு சோபா வாங்கிருக்கோம்."

"எப்புடி இருக்கு?"

"பெருசு. கதவக் கழட்டித்தான் உள்ள கொண்டுபோனோம்" என்றாள் நித்தியா. ஜன்னலுக்கு வெளியே ஈஜோக் ஊர்க் கடைகள் வந்துகொண்டிருந்தன. "கொஞ்சம் தைல வாட அடிக்கும். நீ ஒரு நாளு வாயேன்."